குடத்தடி வண்டல்

“சத்தம் போட்டுக்கிட்டு வர்ற தண்ணி நம்மளத் தாண்டிப் போற தண்ணி மாப்ள, அதுக்குப் பயப்படாத, ஆனா…” ஆனாவுக்குப் பிறகு அத்தான் என்ன சொன்னார்? அந்த இடத்தில் அவர் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார், அது ஞாபகம் இருக்கிறது. இடது கன்னம் உப்பியது, பிறகு வலது கன்னம் உப்பியது, வாழைக்கன்றின் தூரில் பளிச்சென்று துப்பினார், துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார், அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது, சொன்னதுதான் இல்லை. துப்பிய தண்ணீரோடு அந்த வாக்கியத்தின் மறுபாதியும் வாழைத்தூரில் இறங்கிவிட்டது மாதிரி. இளவழகன் கால் ஒடிந்து கயிறு கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரே அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம். குடத்துக்குள் கலங்கல் தண்ணீர், டீ நிறத்தில். வெளியே கொள்ளிடம் இரைந்துகொண்டு போனது. மத்தியானத்திலிருந்து கேட்டுக் கேட்டு அந்த இரைச்சல் இப்போது காதுக்கு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று தெரியவில்லை, மேல்மாடியில் யாரோ ஓயாமல் மேசை நாற்காலியை இழுக்கிற மாதிரி, ஆனால் இந்த வீட்டுக்கு மாடி கிடையாது, கோரைத்திட்டில் எந்த வீட்டுக்கும் மாடி கிடையாது. ஆற்றுக்கு நடுவில் ஒரு மேடு, மேட்டில் முப்பது நாற்பது வீடுகள், சுற்றிலும் படுகை நிலம், கிழக்கே கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடல். அணை நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று தலையாரி ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனதும் சனங்கள் ஆட்டையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு படகேறிக் கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். புகை வருவது இந்த ஒரு வீட்டில்தான். இருட்டுவதற்குள் மாசிலாமணி தன் ஃபைபர் படகோடு இன்னொரு தடவை வருவான், அதுதான் கடைசி. அக்கா வர மாட்டேன் என்கிறாள்.

“இதப் பாத்துக்கடா தம்பி, தெளியட்டும். தெளிஞ்சதும் மேலாக்க மொண்டு உலை வைக்கணும்” என்று சொல்லிவிட்டு அக்கா கோழிகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவை பரணில் நிற்க மாட்டேன் என்று கீழே குதித்தன, அக்கா அவற்றின் அம்மா வழியைத் திட்டினாள். கைப்பம்பு நேற்றே மூழ்கிவிட்டது. ஆற்றுப் பக்கம் இழுவை அதிகம், குடத்தை இறக்கினால் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற பின்வாய்க்காலில்தான் மொண்டு வந்தாள். தண்ணீர் தெளிய வைக்கிற தேத்தாங்கொட்டையை எங்கேயோ வைத்துவிட்டேன், கிடைத்தால் உரசிப் போடலாம் என்றாள், தேடவில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று அவள் சொன்னதில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவன் செய்த வேலையே அதுதான். கடல் கடந்து ஒரு துறைமுகத்தில், தூர் வாருகிற கம்பெனியில், நீளமான கண்ணாடிக் குழாய்களில் கலங்கல் தண்ணீரை ஊற்றி நிறுத்தி, எது முதலில் இறங்குகிறது, எது தொங்குகிறது, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பார்த்து எழுதுவது. மணல் உடனே இறங்கிவிடும். அதற்கு யோசனை கிடையாது. வண்டல்தான் தொங்கும், இறங்கலாமா வேண்டாமா என்று நாள் கணக்கில் யோசிக்கும். முதல் தடவை லீவில் வந்தபோது அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், “தண்ணி தெளியறதப் பாக்கவாடா உன்ன ஏரோப்ளேன்ல வச்சிக் கூட்டிக்கிட்டுப் போனானுவ? இங்க குடத்துக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா நான் சோறு போட்டிருப்பன்ல?” அத்தான் புரையேறும்வரை சிரித்தார். அத்தானுக்குச் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். அன்றைக்குத்தான், சாப்பிட்டுக் கை கழுவி வாய் கொப்பளித்தபோதுதான், அதைச் சொன்னார். சத்தம் போட்டுக்கிட்டு வர்ற தண்ணி தாண்டிப் போற தண்ணி. ஆனா.

அந்தத் துறைமுகத்தில் அவன் கூட வேலை பார்த்த நார்வேக்காரர் ஒருவர், பெரிய உடம்பு, பூனை மாதிரி நடப்பார், ஒரு நாள் குழாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார், நாம் நாள் முழுக்க எழுதுகிற ‘சில்ட்’ என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா என்று. அது உப்பிலிருந்து வந்திருக்கலாம் என்றார். எங்கள் பக்கம் அதே மாதிரி ஒரு சொல் இருக்கிறது, அதற்கு உப்புச் சதுப்பு என்று அர்த்தம், கடல் வந்து வந்து போகிற இடத்துச் சேறு. யோசித்துப் பார், ஆற்றுக்காரன் வைத்த பெயர் இல்லை, கடலோரத்துக்காரன் வைத்த பெயர், என்றார். உன் மொழியில் என்ன சொல்வீர்கள்? வண்டல். அதற்கு என்ன மூலம்? இளவழகனுக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாதி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பாதி என்று படித்தவனுக்கு இரண்டிலும் வாய் வரும், வேர் வராது. அன்றைக்கு ராத்திரி அறைக்குப் போய் அகராதியைத் திறந்தான். ஆறு ஒதுக்கிவிட்ட மண். அடியில் தங்குகிற கசடு. அதற்கும் கீழே, எதிர்பாராமல், சிறு பெண்களின் விளையாட்டு. பழைய பாட்டுகளில் ஆற்றங்கரையில், கடற்கரையில், பெண்பிள்ளைகள் ஈரமண்ணில் சிறு வீடு கட்டி, பாவை பிடித்து வைத்து விளையாடுவதற்கும் வண்டல் என்றுதான் பெயர். வளம் என்கிற பொருளில் வருகிற வண்மையிலிருந்து வந்ததோ? அடியில் மண்டுவதால் வந்ததோ? தெலுங்கில் சேற்றை ஏதோ ‘வண்டலி’ என்பார்கள் என்று குண்டூர்க்கார நண்பர் ஒருவர் சொன்னார், அவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. வளமும் கசடும் விளையாட்டும் ஒரே சொல்லில் எப்படி வந்து தங்கின? ஊர் திரும்பிய பிறகு அக்காவிடம் கேட்டான், ஏன் அக்கா இதுக்கு வண்டல்னு பேரு. “வண்டல்னா வண்டல்தான். அதுக்கு எதுக்குடா அப்பன் பேரு ஆயி பேரு? பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?” என்றாள். குடத்தை எட்டிப் பார்த்தான். மேலே ஒரு விரற்கடை தெளிந்திருந்தது. அதற்குள்ளாகவா என்று எங்கோ ஒரு மூலையில் ஒரு கேள்வி எழுந்தது, கோழி ஒன்று பரணிலிருந்து அவன் தோளில் குதித்ததும் அது கலைந்தது.

விளையாட்டு என்றதும் அவனுக்கு அக்காவின் விரல்கள்தான் வரும், இப்போதுள்ள கணுக்கணுவான விரல்கள் இல்லை, பன்னிரண்டு வயது பவுனம்பாளின் விரல்கள். அப்பா இருந்த காலத்தில், வெள்ளம் வடிந்த காலைகளில் படுகை முழுக்கப் புது வண்டல் கிடக்கும், கால் வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கணுக்கால்வரை இறங்கும், உள்ளே குளிரும், உள்ளே இன்னும் கொஞ்சம் குளிரும், விரலிடுக்கில் பிதுங்கிக்கொண்டு வரும். அக்கா அதில் ஆள் பிடிப்பாள். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், வரிசையாகப் படுக்க வைத்து வாதநாராயண இலையால் போர்த்துவாள், தூங்குறாங்க, சத்தம் போடாத என்பாள். அவன் ஓடிப்போய் மிதிப்பான். அதற்கு ஓர் அடி விழும். மிதிக்காமல் விட்ட நாட்களில் வெயிலில் அந்த ஆட்கள் காய்ந்து, முகத்தில் பாளம் பாளமாக வெடிப்பு விழுந்து, கை தனியாகக் கால் தனியாகப் பெயர்ந்து கிடப்பார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் அதே மண்ணாகிப் போவார்கள். அவர்களையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இந்தப் படுகைக்கு அடியில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள். நினைப்பு அங்கே போகக் கூடாது என்று அவன் அடுப்பைப் பார்த்தான். அடுப்பில் ஈர விறகு புகைந்தது. அடுப்புக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு ஆணிகளில், அந்த நாலு முளைக்குச்சிகள் இருந்தன.

பூவரசங்குச்சிகள். கரி படிந்து, எண்ணெய் ஏறி, எருமைக் கொம்பு மாதிரி கறுத்தவை. தலையில் மூன்று வெட்டும் ஒரு சாய்வெட்டும். அது இந்த வீட்டுக் குறி. படுகைக்குப் பட்டா கிடையாது, ஆற்று நிலம், சர்க்கார் கணக்கில் அது வெறும் தண்ணீர். வெள்ளம் வந்தால் வரப்பு, வாய்க்கால், மூலைக்கல் எல்லாவற்றின்மேலும் வண்டல் ஏறி ஒரே பலகையாகிவிடும், யார் நிலம் எது என்று ஆற்றுக்கும் தெரியாது ஆளுக்கும் தெரியாது. அதனால் கோரைத்திட்டில் ஒரு வழக்கம். தண்ணீர் வடிந்து நிலம் தலைகாட்டும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள் தன் குறிபோட்ட நாலு குச்சியை நாலு மூலையிலும் நட்டுக்கொண்டு தன் மண்ணில் நிற்க வேண்டும். ஊர் ஒரு சுற்று நடந்து வரும். ஆளும் குச்சியும் நிற்கிற இடம் அந்த வீட்டுக்கு, அடுத்த வெள்ளம்வரை. நிலை நிற்பது என்பார்கள். குச்சி இருந்து ஆள் இல்லாவிட்டால் பேசிப் பார்க்கலாம். ஆள் இருந்து குச்சி இல்லாவிட்டால் பேச்சே கிடையாது, அந்த வீட்டுக் குறி அத்தோடு முடிந்தது, புதுக்குறி வெட்ட ஊர் சம்மதிக்காது. இந்தத் தடவை யாரும் தங்குவதில்லை, எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வந்து நிற்போம் என்று கரையில் கூடிப் பேசியிருக்கிறார்கள். “பேசுவானுவ” என்றாள் அக்கா. “வடக்கால நடேசன் வீட்டுப் பயலுவ தோணி வச்சிருக்கானுவ. தண்ணி எறங்கி முட்டிக்கு வர்றதுக்குள்ள வந்து குந்திக்குவானுவ. அவன் பாட்டன் காலத்துலேர்ந்து எம் மண்ணுமேல ஒரு ஏர் அகலம் ஏறிக்கிட்டே வரான்.” போன பெருவெள்ளத்தில் அத்தான் கலியமூர்த்திதான் நிலை நிற்கத் தங்கினார். அக்காவையும் ஆடுகளையும் படகில் ஏற்றிவிட்டு, நீ போ பவுனு, நான் இருக்கேன், என்று சொல்லிவிட்டு இதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்து ஊர் திரும்பி வந்தபோது நாலு குச்சிகளும் நாலு மூலையில், நூல் பிடித்த மாதிரி, நின்றன. மார்பளவுத் தண்ணீரில், தரை தெரியாத நேரத்தில், எப்படி அளந்து நட்டாரோ. அவர் இல்லை. எங்கே தேடியும் இல்லை. ஊர் சுற்றி வந்து, குச்சிகளைப் பார்த்து, நிலம் கலியமூர்த்திக்கே என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த வருஷம் அக்கா படுகையில் டிராக்டர் விடவில்லை. மண்வெட்டிகூட வைக்கவில்லை. விடிந்ததும் போவாள், குந்தி உட்கார்ந்து, கையால், ஒரு சாண் ஒரு சாணாக, வண்டலைக் கிளறிக் கிளறி வெண்டைக்கும் கத்திரிக்கும் குழி எடுப்பாள். ஊர்க்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். மூன்றாவது வருஷம் மண்வெட்டி வைத்தாள். எதையாவது கண்டாளா என்று யாரும் கேட்டதில்லை. இளவழகனும் கேட்டதில்லை. அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து போனில் விலைவாசி பேசினான். ஆனால் அவள் சந்தைக்கு அனுப்புகிற கத்திரிக்காயை அதற்குப் பிறகு அவள் தின்று அவன் பார்த்ததில்லை. மத்தியானம் படகில் வந்து இறங்கியதும் அவன் சொல்லிவிட்டான், மாயவரத்தில் வீடு கட்டிப் போட்டிருக்கிறேன், கீழ்வீடு காலியாகத்தான் இருக்கிறது, வா, இதை விட்டுத் தொலை. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள், “எதத் தொலைக்கச் சொல்ற? நெலத்தயா, உங்க அத்தானயா?” படகில் இருந்த மாசிலாமணி கீழே இறங்காமலே கத்தினான், “அண்ணே, பேசி ஆவற காரியம் இல்ல இது. காலையில நான் பேசிப் பாத்துட்டன், வாரியக்கட்டயத் தூக்கிக்கிட்டு வருது. அக்காவ ஏத்தணும்னா கிரேன்தான் கொண்டாரணும்.” அக்கா அவனைப் பார்த்து, “உன் படகுல ஏறுனா மீன் நாத்தத்துல நான் நடுவழியிலயே செத்துருவேன், போடா” என்றாள். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தான், பிறகு சிரிப்பு நின்றது. “இன்னிக்கு அமாவாச அண்ணே. கடல்காரன் சொல்றேன். சாயங்காலம் கடல் ஏறும், ஓதம் பெருசா இருக்கும். ஆறு ஊத்துறதுக்கு எடம் இருக்காது. நான் வர்றப்ப ரெண்டு பேரும் மேட்டு நுனியில நிக்கணும், எறங்கி வந்து கெஞ்ச மாட்டேன்.” ஆறு ஊற்றுவதற்கு இடம் இருக்காது. அது அவனுக்குத் தெரியாத விஷயமா? கண்ணாடிக் குழாய்க்காரன். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் தேங்கும், பின்னுக்கு ஏறும். எத்தனை தடவை எழுதியிருக்கிறான். எழுதும்போது அது தாளில் ஒரு வளைகோடு. ஆடு நனைவதில்லை, பரணில் கோழி இருப்பதில்லை.

நிலை நிற்க நான் தங்குகிறேன், நீ போ என்று சொல்லலாம். மத்தியானத்திலிருந்து அந்த வாக்கியத்தைத்தான் மனசில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். சொன்னால் அவள் ஏறிவிடுவாளா? நீ போ பவுனு, நான் இருக்கேன். அதே கூடம், அதே அடுப்பு, அதே குச்சி. அவளிடம் அதை இன்னொரு ஆண்பிள்ளை சொல்வதா? சொன்னாலும் அவள் சிரிப்பாள், உனக்கு மூல தெரியுமாடா, கெழக்க எது மேக்க எது என்பாள். அவன் பயப்படுகிறான் என்பது அவனுக்கே கொஞ்சம் தள்ளி, வேறு யாரோ பயப்படுகிற மாதிரி தெரிந்தது. சுவரில் ஒரு மரவட்டை மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே, தரையும் சுவரும் சேருகிற விளிம்பில், எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், எல்லாம் ஒரே திசையில், அடுப்புக்கு மேலே குச்சிகள் இருக்கிற பக்கமாக. அத்தானும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். இந்த நாற்காலி அப்போது கால் ஒடியாமல் இருந்திருக்கும். எந்த நேரத்தில் எழுந்து குச்சிகளை எடுத்தார்? எழுந்தபோது என்ன நினைத்தார்? சத்தம் போட்டுக்கிட்டு வர்ற தண்ணி தாண்டிப் போற தண்ணி மாப்ள. தாண்டிப் போகிற தண்ணீர். ஓடுகிறவரை வண்டலைத் தூக்கிக்கொண்டு ஓடும். நின்றால்தான் இறக்கும். இதையும் எழுதியிருக்கிறான், வேகம் குறைந்த இடத்தில் படியும் என்று. ஆனா. வாய் கொப்பளிப்பு. இடது கன்னம். வலது கன்னம். வாழைத்தூரில் பளிச். துண்டு. ‘ஆனா’வை அவன் நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். மூடியபோதுதான் கேட்டது. அல்லது கேட்காமல் போனது. மேல்மாடியில் மேசை நாற்காலி இழுக்கிறவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

“பாத்தியா!” என்று அக்கா வாசலிலிருந்து கத்தினாள். அவள் குரல் இவ்வளவு பெரிய குரலா? இல்லை, அதைச் சுற்றி இருந்த இரைச்சல் இல்லை. “பாத்தியாடா, தண்ணி அடங்கிடுச்சி! நாந்தான் சொன்னன்ல, இருட்டறதுக்குள்ள வடிய ஆரம்பிச்சிடும்னு. பெருசா வந்துட்டான் அமாவாச கிமாவாசன்னு.” அவள் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி இருந்தது. அவன் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். மத்தியானம் முழுக்கக் கிழக்கே பாய்ந்துகொண்டிருந்த தென்னமட்டைகளும் வாழைத்தார்களும் ஒரு ஒற்றைச் செருப்பும் அந்தந்த இடத்தில் நின்றன. செருப்பு மெதுவாகத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது, போகிற வழி மறந்துபோன ஆளைப்போல. தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம் இல்லை. மேட்டின் சரிவில் இருந்த துணி துவைக்கிற கல்லைத் தேடினான், மத்தியானம் அதன்மேல்தான் கால் வைத்து ஏறி வந்தான். கல் இல்லை. “அக்கா, கல்லு எங்க?” “எந்தக் கல்லு?” “தொவைக்கற கல்லு.” “அது அங்கதான் கெடக்கும், எங்க போவுது? அடங்குன தண்ணி வடியற தண்ணிடா. நீ போயி ஒலையப் பாரு. நான் அந்தச் செவலக் கோழியப் புடிச்சிட்டு வந்துடறேன், கொட்டாய்க்குப் பின்னால போயி நிக்கிது மூதேவி” என்று பின்பக்கம் போனாள். அவன் உள்ளே வந்து குடத்தின் முன்னால் குந்தினான். குடம் தெளிந்திருந்தது. அடிவரை தெளிந்திருந்தது. அடியில் வண்டல் வழவழவென்று, ஒரு முகம் தூங்குகிற மாதிரி, படிந்திருந்தது. தேத்தாங்கொட்டை போடவில்லை. இவ்வளவு மெல்லிய வண்டல் இறங்க ஒரு ராத்திரி ஆகும், ஒரு பகலும் ஆகும், அவனுக்குத் தெரியாததா, வாழ்க்கை முழுக்க வேறு என்ன செய்தான். மத்தியானத்துக்கு மேல் மொண்ட தண்ணீர். ஒன்றே ஒன்றுதான் அதை இப்படிக் கூட்டிச் சேர்த்து, கட்டி கட்டியாக்கி, அவசரமாக அடியில் இறக்கும். அவன் விரலைக் குடத்தில் விட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு. கொஞ்சம்தான், கண்ணீர் அளவுக்குத்தான், ஆனால் உப்பு. பின்வாய்க்காலில் உப்பு. கடல் முன்னாலிருந்து வரவில்லை, கடலோடு சேருகிற உப்பனாறு வழியாகப் பின்வாய்க்காலில் ஏறி, வீட்டுக்குப் பின்னால், கோழிக் கொட்டாய்க்குப் பின்னால், சத்தம் போடாமல் வந்து நிற்கிறது, அக்கா குடம் கொண்டுபோய் மொண்டபோதே வந்திருக்கிறது. கடலோரத்துக்காரன் வைத்த பெயர் என்றார் நார்வேக்காரர், பூனை மாதிரி நடக்கிறவர். அப்போது, தேடாதபோது, உப்பு இருந்த அதே நாக்கில் மற்ற பாதியும் வந்து உட்கார்ந்தது, துண்டு, மீசை, அத்தானின் ஈர வாய். “ஆனா சத்தம் நின்னுப்போச்சுன்னு வையி, அது வடியல மாப்ள, அது நம்ம வீட்டுல தங்க வந்திருக்கு. அப்ப எதயும் பாக்காத. பொண்டாட்டி புள்ளயக் கூட்டிக்கிட்டு ஏறிப் போயிக்கிட்டே இரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்கூட. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதே கூடத்தில் இரைச்சல் நின்ற அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அப்போதும் மேட்டு நுனிக்குப் போகவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை, எழுந்து, கையை உயர்த்தி, ஆணியிலிருந்து நாலு குச்சிகளை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தெரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அக்காவிடம் இப்போது ஓடிப்போய், உப்பு, ஓதம், வடியவில்லை ஏறுகிறது என்று சொல்லலாம், குடத்தைக் காட்டலாம். அவள் குடத்தைப் பார்க்க மாட்டாள், குச்சிகள் இருக்கிற இந்தச் சுவரைத்தான் பார்ப்பாள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. சத்தமே இல்லாத தண்ணீரின் மேல் அது ஒரு கோடு மாதிரி நேராக வந்தது, பிறகு மாசிலாமணியின் குரல், “அண்ணே! அக்கா! தண்ணி மேட்டு நுனியத் தொட்டுடுச்சு, வர்றீங்களா இல்லியா? அண்ணேய்!” பின்னாலிருந்து அக்கா பதிலுக்குக் கத்தினாள், “எந்தம்பி மட்டும் வருவான், நில்லுடா, கத்தாத! கோழி மெரளுது!” ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. இளவழகன் எழுந்து, கையை உயர்த்தி, ஆணியிலிருந்து நாலு குச்சிகளையும் எடுத்தான். நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. வெட்டுகளை விரலால் ஒரு தடவை தடவினான், மூன்று வெட்டு, ஒரு சாய்வெட்டு. அடுப்பில் கிடந்த ஈர விறகை வெளியே இழுத்துப் போட்டான். குச்சிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்து, நாலும் பற்றிக்கொள்ளும்வரை ஊதினான்.